மனைநோக்கியார்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பி, கோட்டக்குப்பத்தையும் சின்ன, பெரிய முதலியார்சாவடிகளையும் தாண்டி வருகிறவர்களுக்குப் பொம்மையார்பாளையம் என்ற எங்கள் ஊர் தட்டுப்படும். தட்டுப்படும் என்பதுகூட உபசார வார்த்தைதான். சென்னையை நோக்கிப் பறக்கிற காரில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கும் பிரயாணிக்கு அது ஒரு வேகத்தடையாக முதுகில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சாலைக்கும் கடலுக்கும் நடுவே என் பாட்டனார் கட்டிவைத்துவிட்டுப் போன ஓட்டு வீடு ஒன்றும், அதற்கு முன்னால் ஒரு திண்ணையும், அந்தத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் ஒரு காரியமும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பாக்கியமும் எனக்கு வாய்த்திருப்பதால், மனுஷ வர்க்கத்தின் ஒரு விசேஷப் பிரகிருதியைப் பதினைந்து வருஷ காலமாகக் கிட்டத்திலிருந்து கவனிக்கும் சந்தர்ப்பம் கிடைத்தது.

அவருக்கு மனைநோக்கியார் என்று நானே நாமகரணம் செய்திருக்கிறேன். மழையை எதிர்பார்த்தே காலம் கழிக்கிற பூமியை வானம் பார்த்த பூமி என்கிறோம் அல்லவா? மனையைப் பார்த்துப் பார்த்தே ஆயுளைக் கழிக்கிறவருக்கும் ஒரு பட்டம் இருக்க வேண்டியது நியாயந்தானே? அவர் தனியொருவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் ஒரு ஜாதி. சென்னையில் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவிலும், கோயமுத்தூரில் வடவள்ளிக்கும் சரவணம்பட்டிக்கும் நடுவிலும், ஏன், கடல் கடந்து போன டொரண்டோப் பக்கத்தில் ஸ்கார்பரோவுக்கும் மார்க்கம் நகரத்துக்கும் நடுவிலும் அந்த ஜாதியார் ஊசலாடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எனக்குத் தெரிந்தவர் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவே ஊசலாடுகிறார்.

விழுப்புரத்தில் உத்தியோகம், அங்கேயே வாடகை வீடு, ஒரு சம்சாரம், ஒரு பெண், ஒரு பையன். பெண் யூ.கே.ஜி. படிக்கும்போது, 2010-ஆம் வருஷம், முதல் முதலாக மோட்டார் சைக்கிளில் மனைவியை ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கி, "ஐயா, இந்த ஊரு குடும்பத்தோட இருக்கறதுக்குத் தோதுப்படுங்களா?" என்று கேட்டார். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தோடு இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சற்று ரோஷம் வந்தது. "அக்கம்பக்கத்துல இருக்கறவங்க எப்படி?" என்றார் அடுத்தபடி. "நான்தான் அக்கம்பக்கம்" என்றேன். மனிதர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ மதிப்பெண் போட்டுக்கொண்டார். எவ்வளவு போட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாம் முறையும் வந்ததிலிருந்து தேறிவிட்டேன் என்று ஊகித்துக்கொண்டேன்.

இந்த ஊசலாட்டத்தில் அவருடைய அபராதம் பாதி, சரித்திரத்தின் அபராதம் பாதி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பிடித்த நிலத்தை 1954-இல் துண்டு துண்டாகவே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆகையால் புதுச்சேரி நகரத்தை விட்டு வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரையில் அதே தமிழ்நாடு, வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். எங்கள் ஊரைத் தாண்டிப் பிள்ளைச்சாவடியில் காலை வைத்தால் மறுபடியும் புதுச்சேரி. காலாப்பட்டையும் கனகசெட்டிக்குளத்தையும் கடந்துவிட்டால் திரும்பவும் தமிழ்நாடு. வாயிலே போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் இரண்டு ராஜ்யங்களைப் பார்த்துவிடலாம். சாராயப் பிரியர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சௌகரியங்கள் மனப்பாடம். வீடு தேடுகிறவருக்கோ இது தீராத வியாகுலம். புதுச்சேரிப் பக்கம் போனால் ரேஷன் அட்டை வேறு, வண்டி நம்பர் வேறு, மின்சாரக் கட்டணம் வேறு, பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனுக்குச் சென்டாக் என்று ஒரு தனி வாசல். அந்த வாசலுக்குள் நுழைய அங்கே குடியிருந்ததற்கான சான்று.

எல்லாவற்றையும்விட மனிதரைக் கலக்கியது குழி விவகாரம். எங்கள் பக்கத்தில் ஒரு குழி என்றால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அடி. புதுச்சேரிக் குழியோ இருபத்துநாலுக்கு இருபத்துநாலு, 576 சதுர அடி. அதைப் பதினாறாக வகுத்தால் ஒரு வீசம். முதல் வருஷத்தில் லாஸ்பேட்டைத் தரகர் குழிக்கு ஒரு விலை சொல்ல, நம்மவர் அதை விழுப்புரத்துக் குழியாகப் பாவித்துக் கணக்குப் போட்டுவிட்டு, "பகல் கொள்ளையா இருக்கே!" என்று சண்டை பிடித்துவிட்டு வந்துவிட்டார். நான் விஷயத்தை விளக்கியதும் ஒரு நிமிஷம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்போ அந்தப் பக்கம் குழியில விழுந்தா நாலு மடங்கு விழணும்ங்க" என்றார். அன்றைக்குத்தான் அவரிடத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

அவருடைய பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை மஞ்சள் பைதான். ஆனால் உள்ளே நூறு அடி டேப் ஒன்று, திசைகாட்டி ஒன்று, வில்லங்கச் சான்றுகளும் பட்டா நகல்களும் அடங்கிய பிளாஸ்டிக் உறை ஒன்று, இவற்றோடு ஆறு காலி பாட்டில்கள். பாட்டில் எதற்கு என்றால், எந்த மனையைப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலோ போரிலோ ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, 'லாஸ் 3', 'பொம்மை 7' என்று காகிதச் சீட்டு ஒட்டி, விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போய், அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரத்தில் வேகிறது என்று பரீட்சை செய்வார். பரீட்சையை நடத்துகிறவர் அவர். பருப்பை வேகவைக்கிறவர் அந்த அம்மாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் திண்ணையில் அமர்ந்து மோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி வேடிக்கையாக, "எந்தத் தண்ணி நல்லாருக்கும்மா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "எல்லாத் தண்ணியிலயும் பருப்பு வெந்துடுதுக்கா, இவரு மனசுதான் வேக மாட்டேங்குது" என்றார். மனைநோக்கியார் அப்போது கிழக்கே திரும்பித் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாஸ்பேட்டைக்கு என்ன குறைச்சல்? ஒன்றுமில்லை. லா என்ற பிரெஞ்சுக் கவர்னரின் பெயரைச் சுமப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, விமான நிலையமே இருக்கிறது. ஜிப்மர் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்றால் எழுந்து ஓடலாம். "எல்லாம் இருக்குங்க, ஆனா காத்து இல்லை" என்பார் மனைநோக்கியார். பொம்மையார்பாளையத்தில் காற்று இருக்கிறது, செம்மண் இருக்கிறது, மேற்கே ஏறினால் முந்திரித் தோப்பும் ஆரோவில்லின் காடும் இருக்கின்றன. "காத்து இருக்குங்க, ஆனா காத்தை வச்சிக்கிட்டுப் பையனை எந்த ஸ்கூல்ல சேக்கறது?" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களையும் வாரம் மாற்றி வாரம் அவர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பையன் ஒரு ஸ்கூலில் சேர்ந்து, படித்து, பத்தாவது பரீட்சையும் எழுதிவிட்டான்.

ஸ்கூல் என்ற பிரமாணம் காலாவதியானதும் காலேஜ் என்ற பிரமாணம் வந்தது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருப்பதால் பொம்மையார்பாளையத்துக்கு ஒரு மார்க் கூடிற்று. பெண் விழுப்புரத்திலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டாள், மார்க் குறைந்தது. இப்போது கல்யாண மண்டபம் எந்தப் பக்கம் அதிகம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்த பிரமாணம் வயோதிகமும் ஜிப்மருமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் அப்பால் உள்ளதை நான் பிரஸ்தாபிக்கப் போவதில்லை. ஆனால் சுடுகாடு எந்தத் திசையில் என்பதை வாஸ்துவை முன்னிட்டு அவர் 2010-லேயே குறித்துவைத்துக்கொண்டுவிட்டார்.

வாங்காமலிருப்பதற்குக் காரணம் தேடி அவர் அலைந்ததே இல்லை. காலதேவன் வீடு தேடி வந்து கொடுத்துக்கொண்டேயிருந்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து முந்திரி மரங்களைப் படுக்கவைத்துவிட்டுப் போன மறுவாரம், விழுந்த மரங்களுக்கு மேல் ஏறி இறங்கி வந்து, "நல்லவேளைங்க, வாங்கல" என்றார். 2016 செப்டம்பரில், கையில் முன்பணத்தோடு நிஜமாகவே கிளம்பிவிட்ட சமயத்தில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தடை போட்டது; "பாத்தீங்களா?" என்றார். அந்தத் தடையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நவம்பரில் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போயின. இனி மனை விலை பாதியாகும் என்று ஒரு வருஷம் காத்திருந்தார். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள், துள்ளி எழுந்தார். அதே கையோடு பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நாலு சதவீதமாக்கினார்கள், உட்கார்ந்துவிட்டார். 2020-இல் நோய்த்தொற்று. 2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றுவிட்ட ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, ஜனங்கள் கட்டிலின்மேல் கட்டிலைப் போட்டு ஏறி உட்கார்ந்திருக்க, மனைநோக்கியார் வெள்ளம் வடிந்தும் வடியாததுமாக முழங்கால் தண்ணீரில் இரண்டு பேட்டைகளிலும் தெருத் தெருவாக நடந்து, எந்தச் சுவரில் எத்தனை அங்குலத்துக்குத் தண்ணீர்க் கறை என்று டேப் பிடித்து எழுதிக்கொண்டு போனார். எத்தனையோ பேருக்குப் பேரிடராயிருந்தது அவருக்கு ஒரு புள்ளிவிவரமாக அமைந்துவிட்டதே என்று எனக்குக் கோபங்கூட வந்தது. ஆனால் அன்று என் வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

கடலோடு அவர் நடத்திய விவகாரம் தனி. கடற்கரை ஓரத்தில் கட்டடம் கட்டுவதற்கு 1991-லிருந்து விதி உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் அந்த விதியின் ஆட்சி. மனைநோக்கியார் அந்த விதியைத் தமிழிலும் இங்கிலீஷிலும் கரைத்துக் குடித்தவர். ஒருநாள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவரிடம் போய், "பெரியவரே, உயர் அலைக் கோடு எங்க இருக்கு?" என்று கேட்டார். கிழவர் ஊசியை எடுக்காமலே, "நேத்து ராத்திரி அந்தப் படகண்ட இருந்துச்சு தம்பி, இன்னிக்கி எங்க இருக்கப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போகல" என்றார்.

கிழவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டல்ல. இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டேயிருப்பது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். வருகிற மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த கரைகளுக்கு அன்றுமுதல் பட்டினி. கோட்டக்குப்பம் தொடங்கி எங்கள் ஊர், பிள்ளைச்சாவடி வரையில் கடல் வீட்டு வாசலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மணலைப் பிடித்துவைக்கும் தூண்டில் வளைவு கட்டுங்கள் என்று மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தும் பார்த்தார்கள். ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் அதன் வடக்கே இருக்கிற ஊருக்குப் பசி என்பது வேறு சங்கடம். மனைநோக்கியார் 2010-இல் ஆசைப்பட்ட மனைக்கு எதிரே ஒரு தென்னை இருந்தது. அந்தத் தென்னையிலிருந்து அலைக்கு எண்பது தப்படி என்று நோட்டில் எழுதியிருக்கிறார். இன்று தென்னை இல்லை. அந்த மனை மாத்திரம் 'கடல் பார்த்த மனை' என்று விளம்பரப்படுத்தப்பட்டு மூன்று மடங்கு விலைக்குப் போய்விட்டது. "நான் கிட்டப் போகலேன்னாலும் கடல் கிட்ட வந்திருச்சுங்க" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் துக்கம் இருந்ததா, திருப்தி இருந்ததா என்று என்னால் பகுத்தறிய முடியவில்லை.

எங்கள் ஊர் இந்த மாதிரித் தயக்கங்களுக்குப் பழகிய ஊர்தான். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கிற பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் உள்ள பொம்மபுரம் என்பது இந்தப் பொம்மையார்பாளையமே. பதினேழாம் நூற்றாண்டில், 'நன்னெறி' பாடிய துறைமங்கலம் சிவப்பிரகாசர், மனிதரைப் பாடுவதில்லை என்ற விரதத்தால் இங்கிருந்த சிவஞான பாலய தேசிகரைப் பாடத் தயங்கி நின்றாரென்றும், முருகன் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிற்பாடே பாடினாரென்றும் வழிவழியாகச் சொல்வார்கள். இந்தக் கதையை ஒருநாள், முடிவெடுக்க உதவுமே என்ற நல்லெண்ணத்தோடு, மனைநோக்கியாருக்குச் சொன்னேன். பயபக்தியோடு கேட்டுவிட்டு, நோட்டைத் திறந்து, "அவரு எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருந்தாருங்க?" என்றார்.

வாங்காத மனிதரை எந்தத் தரகர் பதினைந்து வருஷம் சகிப்பார் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அந்தக் கேள்வியோடுதான் வெகுநாள் இருந்தேன். எங்கள் ஊர்த் தரகர் டி.வி.எஸ். வண்டியில் ஆரம்பித்துக் காருக்கு முன்னேறியவர்; பேச்சிலே வெண்ணெய், கணக்கிலே கத்தி. வேறு யாராவது ஐந்தாம் முறை வந்து பார்த்துவிட்டுப் போனாலே போனை எடுக்கமாட்டார். மனைநோக்கியாருக்கு மாத்திரம் எதிர்கொண்டு போய் வரவேற்பு, இளநீர், வெயிலுக்குக் குடை. காரணத்தை ஒருநாள் கண்ணால் கண்டேன். சென்னையிலிருந்து நிஜமான கிராக்கி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். இருநூறு அடிக்கு அப்பால் மனைநோக்கியார் ஒரு மனையின் குறுக்கே குந்தி உட்கார்ந்து ஈசானிய மூலையை அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை அவர் சம்சாரம் பிடித்துக்கொண்டிருந்தார். தரகர் குரலைத் தாழ்த்தி, சென்னைக்காரரின் காதோரம், "அதோ பாருங்க சார், விழுப்புரம் பார்ட்டி. வாராவாரம் வந்து அளந்துட்டுப் போறாரு. இன்னிக்கு அட்வான்ஸ் போட்டுடுவாரு போலிருக்கு. நீங்க வேணும்னா..." என்று இழுத்தார். சென்னைக்காரர் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார்; டேப்பைப் பார்த்தார்; தம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிட்டது.

இப்படி மனைநோக்கியாரின் அளவையினால் விலைபோன மனைகள் எத்தனை என்று ஒரு நாள் என் திண்ணையிலிருந்தே எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தே ஒன்பது. பள்ளிக்கூட வேன் நுழைகிற தெரு, மளிகைக் கடை, சாயங்காலம் சைக்கிள் விடுகிற பிள்ளைகள், கோலம், குப்பைத்தொட்டிச் சண்டை என்று எந்தெந்த லட்சணங்கள் இல்லையென்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாரோ அவையெல்லாம் அந்த ஒன்பது வீடுகளால் வந்து சேர்ந்தன. குடும்பத்துக்கு ஏற்ற பேட்டையை அந்த மனிதர் தம்மையறியாமல் நிர்மாணித்துவிட்டு, அது ஏற்றதுதானா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். லாஸ்பேட்டையில் எத்தனை வீடுகளுக்கு அவர் இப்படிக் கர்த்தாவானாரோ, அந்தப் பக்கத்துத் தரகருக்கே வெளிச்சம்.

அவரிடம் இதைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. தரகரோடு நானும் அந்த இளநீரில் பங்கு குடித்திருக்கிறேன் என்பது ஒரு காரணம்.

போன தை மாதம், அதே சென்னைக்காரருடைய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். தரகர் இப்போது வீட்டோடு இருந்துவிட்டார். தொழிலை மகன் பார்க்கிறான். அவன் மனைநோக்கியாரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தான். வாழைமரம், பசு, கன்று, புகை எல்லாம் கிரமப்படி நடந்தன. மனைநோக்கியார் அடுக்களைக்குள் போய், அடுப்பு அக்கினி மூலையிலிருந்து ஒன்றரை அடி விலகியிருப்பதாக வீட்டுக்காரருக்குத் தெரிவித்து, அந்த நல்ல நாளில் அவருடைய முகத்தை வாடவைத்துவிட்டு, தாம்பூலமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தார். அவருடைய சம்சாரமும் பால் காய்ச்சுகிறதைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"பால் எந்தப் பக்கம் பொங்கிச்சு?" என்றார் மனைநோக்கியார்.

"அவங்க பக்கம்" என்றார் அந்த அம்மாள்.

கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு புருஷரும் ஒரு ஸ்திரீயும் இறங்கி, எதிர்ப்புறத்துக் காலி மனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்திரீயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், கழுத்தில் யூ.கே.ஜி. அடையாள அட்டையோடு. தரகர் மகன் அவசரமாக மாடிப்படியில் ஏறி வந்தான்.

"சார், அந்த எதிர் மனையை நீங்க இன்னும் அளக்கலியே? வடக்குப் பாத்ததாச்சே, ஒரு தரம் பாத்துடுங்களேன்."

மனைநோக்கியாரின் முகம் மலர்ந்தது. பலகாரப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையில் துழாவி டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். அந்த அம்மாள் மாடிச் சுவரில் கையை ஊன்றி, தெருவில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதற்காக இறங்கிப் போனார்.